டெக்சாஸ் துப்பாக்கி லைசென்ஸ்: 40 டாலரோடு முடியாத கணக்கு

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல 2021 செப்டம்பர் 1 முதல் லைசென்ஸ் கட்டாயமில்லை. 21 வயது நிரம்பி, சட்டத்தடை எதுவும் இல்லாமல் இருந்தால் போதும். ஆனாலும் பலர் எடுக்கிறார்கள். அதை ஏற்கும் மற்ற மாநிலங்களுக்கும் துப்பாக்கியோடு போய்வரலாமே!

முதல் வேலை, மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறையின் இணையதளத்தில் விண்ணப்பிப்பது. கட்டணம் 40 டாலர். 2017 செப்டம்பருக்கு முன்பு 140 டாலர். கட்டிய பணம் திரும்ப வராது. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருக்கும் நம்மவர்கள் பணம் கட்டுவதற்கு முன் வழக்கறிஞரைக் கேட்டுவிடுங்கள். அவர்களில் பெரும்பாலோர் துப்பாக்கி வைத்திருப்பதையே மத்திய அரசின் சட்டம் தடுக்கிறது.

அடுத்து கைரேகை. முன்பதிவு செய்துகொண்டு போகவேண்டும்; சுமார் 10 டாலர் ஆகும்.

பிறகுதான் பெரிய செலவு. 4 முதல் 6 மணி நேர வகுப்பு. கட்டணத்தைப் பயிற்சியாளரே வைக்கிறார், ஆளுக்கு ஆள் மாறும். எப்போது சுடலாம், எப்போது கூடாது, சண்டையைப் பேச்சிலேயே எப்படித் தணிப்பது, குழந்தைகள் கைக்கு எட்டாமல் துப்பாக்கியை எப்படி வைப்பது என்பதெல்லாம் இங்கேதான் சொல்லித்தரப்படுகிறது. விலை மலிவு என்று மட்டும் பார்த்து ஆளைப் பிடிக்காதீர்கள்.

வகுப்பு முடிந்ததும் சுடுதளத்தில் தேர்வு. 50 தோட்டா: 3 கஜத்தில் 20, 7 கஜத்தில் 20, 15 கஜத்தில் 10. தொடக்கத்தில் ஒவ்வொரு முறையும் 2 நொடிக்குள் ஒரு குண்டு சுட்டாக வேண்டும். 250 மதிப்பெண்ணுக்கு 175 எடுத்தால் தேர்ச்சி. பழகாத கை அந்த 2 நொடியில் பதறும். அதனால் முன்கூட்டியே பயிற்சிக்குச் சுடும் தோட்டாக்களின் விலை, சுடுதள வாடகை, காதுக்கவசம் எல்லாவற்றையும் கணக்கில் சேருங்கள்.

தேர்ச்சிச் சான்றிதழைப் பதிவேற்றினால், குறையில்லாத விண்ணப்பத்துக்கு 60 நாளுக்குள் முடிவு தெரியும். பின்னால் புதுப்பிக்கவும் 40 டாலர்தான், வகுப்பு கிடையாது.

இன்னொரு செலவும் உண்டு: பூட்டுப் பெட்டி. குண்டு நிரப்பிய துப்பாக்கி 17 வயதுக்குட்பட்ட பிள்ளையின் கைக்குக் கிடைக்கும்படி அஜாக்கிரதையாக விட்டுவைப்பது டெக்சாஸில் குற்றம். வீட்டில் பிள்ளைகள் இருந்தால், விண்ணப்பத்துக்கு முன்பே அந்தப் பெட்டியை வாங்கிவிடுங்கள்.