மூச்சுக்கு யார் அளவு வைத்தது?

மூக்கில் கிளிப் மாட்டிவிடுவார்கள். அட்டைக்குழாயை வாயில் கவ்வியதும், "நல்லா இழுங்க… இப்ப ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க!" என்று டெக்னீஷியன் விரட்டுவார். ஆறு விநாடிக்குள் கண்ணில் நீர் முட்டிவிடும். இதுதான் ஸ்பைரோமீட்டர் பரிசோதனை. கையில் வரும் தாளில் ஊதிய காற்று லிட்டர் கணக்கில் இருக்கும். பக்கத்திலேயே ஒரு சதவீதம்.

எதில் சதவீதம்? உங்கள் வயதும் உயரமும் உள்ள ஆரோக்கியமான ஆணோ பெண்ணோ எவ்வளவு ஊதுவார் என்ற கணக்கு கருவிக்குள் இருக்கிறது. அதில்தான். ஆளின் உயரம் கூடக் கூட மூச்சின் கொள்ளளவும் கூடும் என்பதை 1846இல் லண்டன் மருத்துவர் ஜான் ஹட்சின்சன் இரண்டாயிரம் பேருக்கு மேல் ஊதவைத்துக் காட்டினார்.

பின்னாளில் இந்தக் கணக்கில் இனமும் நுழைந்தது. அமெரிக்காவில் கருப்பினத்தவர் என்றால் 10 முதல் 15 சதவீதம், ஆசியர் என்றால் 4 முதல் 6 சதவீதம் என எதிர்பார்க்கும் அளவையே குறைத்துக்கொண்டார்கள். ஒரே அளவு காற்றை ஊதிய இருவரில் வெள்ளையர் நோயாளி, கருப்பர் 'நார்மல்'. 1999இல் பால்டிமோரில் நடந்த ஆஸ்பெஸ்டாஸ் வழக்கில், கருப்பினத் தொழிலாளர்களுக்கு இழப்பீடு கிடைப்பதைக் கடினமாக்க நிறுவனத் தரப்பு இதே வாதத்தைத்தான் எடுத்தது. எவ்வளவு பெரிய அநியாயம்!

பிறப்பிலேயே நுரையீரலின் அளவு முடிவாகிவிடுகிறதா? பெருவின் செர்ரோ டி பாஸ்கோ சுரங்க நகரம் சுமார் 4,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய 60 சதவீதம்தான். இப்படிப்பட்ட உயரத்தில் வாழும் ஆண்டீஸ் மலைவாசிகளின் மார்பு பீப்பாய்போல அகன்றிருக்கும். சமவெளியில் பிறந்து சிறுவயதிலேயே மலைக்குப் போய் வளர்ந்தவர்களின் நுரையீரலும் அவர்களுடையதைப் போலவே பெரிதாகிறது என்று பெருவில் நடந்த ஆய்வுகள் காட்டின. வளர்ந்தபின் போனவர்களுக்கு அப்படி ஆவதில்லை. பரம்பரைக்கும் பங்கு உண்டு; ஆனால் வளரும் பருவத்தில் இழுத்த காற்று மார்புக்கூட்டையே மாற்றிவிடுகிறது. அப்படியானால் அடுப்புப் புகையும் அரைவயிற்றுச் சோறும் சுருக்கிய நுரையீரலை 'இவர்கள் இனத்துக்கு இதுதான் அளவு' என்று எழுதுவது, நோயை மறைப்பதுதானே?

2023இல் அமெரிக்க மார்பு மருத்துவச் சங்கம் இனம் பார்க்காத கணக்கைப் பரிந்துரைத்தது. அதற்கு முன், 2012இல் வந்த உலகளாவிய கணக்கில் இந்தியர்களுக்குத் தனி வரிசையே இல்லை, 'மற்றவர்' வரிசைதான்.

மற்றவரோடு ஒப்பிடும் கணக்கு இப்படி மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே, பழைய ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள். நடுவயதில் ஊதும் காற்று ஆண்டுக்கு 30 மில்லிலிட்டர் அளவுக்குக் குறைவது இயல்பு. அதைவிட வேகமாகக் குறைகிறதா என்று பார்க்க, உங்கள் சென்ற ஆண்டு எண்ணைவிட நல்ல அளவுகோல் கிடையாது.