மூவகைத் தசைகள்

உழவர் ஏர் உழுவதும், சிற்பி உளி கொண்டு கல்லைச் செதுக்குவதும், குழந்தை சிரிப்பதும் தசைகளின் தொழிலே. உண்ட உணவு குடலில் நகர்வதும், குருதி உடலெங்கும் ஓடுவதும் தசைகளாலேயே நிகழ்கின்றன. சுருங்குதலும் தளர்தலும் தசையின் இயல்பு. மனித உடலிலுள்ள தசைகள் வரித்தசை, மென்தசை, இதயத்தசை என மூவகைப்படும்.

வரித்தசைகளுள் பெரும்பாலானவை தசைநாண்களால் எலும்புகளோடு பிணைக்கப்பட்டுள்ளன. நுண்ணோக்கி கொண்டு நோக்கினால், இவற்றின் நார்களில் குறுக்கு வரிகள் காணப்படும். அதனால் இப்பெயர் பெற்றன. உடலில் 600க்கு மேற்பட்ட வரித்தசைகள் உள்ளன. நாம் விரும்பியவாறு இயங்குவதால், இவை இயக்கு தசைகள் எனவும் வழங்கப்பெறும். இத்தசை எலும்பை இழுக்க வல்லதேயன்றித் தள்ள வல்லதன்று. ஆதலின், ஒன்றுக்கொன்று எதிராக அமைந்த தசைகள் மாறி மாறித் தொழில் புரிகின்றன. மேற்கையின் முன்புறமுள்ள இருதலைத் தசை சுருங்கினால் கை மடங்குகிறது. பின்புறமுள்ள முத்தலைத் தசை சுருங்கினால் கை நீள்கிறது.

இரைப்பை, குடல், குருதிக் குழாய்கள், சிறுநீர்ப்பை ஆகியவற்றின் சுவர்களில் அமைந்திருப்பது மென்தசை. இதன் உயிரணுக்கள் நடுவே பருத்து, இருமுனையும் கூர்த்து விளங்கும், வரிகள் இரா. இது நம் ஏவலை எதிர்பாராமல் தானே இயங்கும். குடல் அலையலையாகச் சுருங்கி உணவை நகர்த்துவதும், கண்ணின் பாவை ஒளியில் சுருங்கி இருளில் விரிவதும் இதன் செயல்களே. இது மெல்லச் சுருங்கும், எளிதில் களைப்புறாது.

இதயத்தசை இதயத்தில் மட்டுமே உள்ளது. இதற்கு வரிகள் உண்டு. எனினும், இது நம் விருப்பத்திற்கு அடங்குவதன்று. இதன் நார்கள் கிளைத்து ஒன்றோடொன்று இணைந்துள்ளன. ஆகையால், ஓரிடத்தில் எழும் தூண்டல் விரைந்து பரவி, இதயம் ஒருசேரத் துடிக்கிறது. நிமிடத்திற்கு ஏறத்தாழ 70 முறையாக, நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,00,000 முறை அது துடிக்கிறது. இரு துடிப்புகளுக்கு இடைப்பட்ட சிறு பொழுதே அதற்கு ஓய்வு. இதயம் நம் ஆணைக்குக் காத்திருக்குமாயின், நாம் கண்ணயர்ந்த பொழுதே உயிர் நீங்கிவிடும்!

இதயத்தசைக்குக் குருதி தரும் குழாய் அடைபட்டால், அத்தசையின் ஒரு பகுதி மடியும். மடிந்த பகுதி பெரும்பாலும் மீண்டும் வளர்வதில்லை. அவ்விடத்தில் தழும்பே எஞ்சும். வரித்தசையோ பயிற்சியால் வலுப்பெறும். பயனின்றிக் கிடந்தால் மெலியும். ஓடுதல், நீந்துதல், விளையாடுதல் ஆகியவற்றால் வரித்தசைகள் உழைக்கும்போது, அவற்றிற்குக் குருதி அனுப்பும் இதயமும் உடன் உழைத்து உரம் பெறுகிறது. நம் ஆணைக்கு அடங்காத தசையைப் பேணும் வழி, நம் ஆணைக்கு அடங்கிய தசைகளை நாள்தோறும் நன்கு பயன்படுத்துவதேயாகும்.