காதுவலியா, தாடைவலியா?

காது வலிக்கிறது என்று சொட்டு மருந்து விடுகிறோம். சில நேரம் வலிப்பது காதல்ல, அதற்கு முன்னாலுள்ள தாடை மூட்டு. அங்கே விரல் வைத்து வாயைத் திறந்தால் அசைவது தெரியும். கீல் போலத் திரும்பி, முன்னாலும் நகரும் மூட்டு இது. எலும்புகளுக்கு நடுவே மெத்தையாக இருக்கும் வட்டு விலகித் திரும்பினால் 'டக்' சத்தம். வலியில்லையென்றால் பயம் வேண்டாம். வட்டு சிக்கிக்கொண்டால் வாய் பாதிதான் திறக்கும்.

கொட்டாவியை இயன்றவரை அடக்கவும், கையால் வாயை மறைக்கவும் நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத்தந்தார்கள். தாடைவலிக்காரர்களிடம் மருத்துவர்களும் அகலக் கொட்டாவி விடாதீர்கள் என்கிறார்கள். கஞ்சி போன்ற மெல்லிய உணவும் வெந்நீர் ஒத்தடமும் பலருக்குப் போதும்.

வலி நீடித்தால் தாம்பரத்தில் கடற்கரை ரயிலேறிக் கோட்டை நிலையத்தில் இறங்குங்கள். அருகிலேயே அரசு பல் மருத்துவமனை. பாக்கு, மாவா போடுகிறவருக்கு வாய் இறுகுவது வேறு நோய். அது புற்றுநோயாகலாம், உடனே காட்டுங்கள்.