கணினிக் களவுக்கும் சட்டம் உண்டு



நான் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, தகப்பனாரின் பருப்பு மண்டியில் சிட்டை எழுத உட்கார்ந்தவன். மதுரை கீழமாசி வீதியில் நாற்பத்தைந்து ஆண்டுகளாக மொத்த வியாபாரம் செய்து வருகிறேன். கள்ள நோட்டைத் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவேன். மூட்டைக்குள் கையை விட்டால் சரக்கில் ஈரம் ஏறியிருப்பது தெரிந்துவிடும். அப்படிப்பட்ட நான், 2023-ஆம் ஆண்டு ஒரு வியாழக்கிழமை நண்பகலில் ரூ.4,60,000-ஐ என் கையாலேயே ஒரு திருடனுக்கு அனுப்பி வைத்தேன்.

அகோலாவிலிருந்து எனக்குத் துவரம்பருப்பு பிடித்துத் தரும் தரகரோடு பன்னிரண்டு வருடப் பழக்கம். அன்று வாட்ஸ்அப்பில் அவருடைய கடிதத்தாளில் ஒரு செய்தி வந்தது. பழைய வங்கிக் கணக்கு தணிக்கையில் இருப்பதால், வந்துகொண்டிருக்கும் லோடுக்கான தொகையைப் புதிய கணக்கில் செலுத்தவும் என்று எழுதியிருந்தது. ஜி.எஸ்.டி. எண் சரி, பில் தொகை சரி, லாரி எண்ணும் சரி. அவர் படம்கூட இருந்தது. அனுப்பிய எண் மட்டும் புதியது. அதை நான் கவனிக்கவில்லை. தரகரின் மின்னஞ்சலுக்குள் எவனோ புகுந்து எல்லாவற்றையும் படித்திருக்கிறான் என்பது, மறுநாள் அவர் "பணம் இன்னும் வரவில்லையே" என்று கேட்டபோதுதான் புரிந்தது.

அதன்பின் நான் செய்ததுதான் பெரிய தவறு. கடைத்தெருவுக்குத் தெரிந்தால் நாணயம் போய்விடுமே என்று வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் வாயைத் திறக்கவில்லை. திங்கட்கிழமை என் மகன்தான் புகார் கொடுக்க அழைத்துப் போனான். அதற்குள் பணம் மூன்று கணக்குகள் தாவி ரொக்கமாக எடுக்கப்பட்டுவிட்டது. தடுத்து நிறுத்த முடிந்தது வெறும் ரூ.38,000.

எனக்கு அடுத்த கடை எண்ணெய் வியாபாரியான தம்பி, அதே ஆண்டில் வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்னவனிடம் ஓ.டி.பி. எண்ணைச் சொல்லி ரூ.62,000 இழந்தார். ஆனால் அரைமணி நேரத்திற்குள் புகார் செய்துவிட்டார். ரூ.55,000 தடுத்து வைக்கப்பட்டு, பின்னர் நீதிமன்ற உத்தரவின் பேரில் அவருக்குத் திரும்பி வந்தது. ஏமாந்தது இருவரும்தான். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், நான் கௌரவத்தைப் பார்த்தேன். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அதுதான்.

சட்டம் பிறந்த கதை

2000-ஆம் ஆண்டு மே மாதம் 4-ஆம் தேதி, காதல் கடிதம் என்ற பெயரில் ஒரு கணினி வைரஸ் மின்னஞ்சல் வழியாக உலகெங்கும் பரவியது. திறந்தவர்களின் கணினிக் கோப்புகளை அழித்துவிட்டு, அவர்களுடைய நண்பர்களுக்கெல்லாம் தானாகவே போய்ச் சேர்ந்தது. பிலிப்பைன்ஸ் நாட்டு மாணவர் ஒருவர் மீது சந்தேகம் திரும்பியது. ஆனால் அந்நாட்டில் அப்போது இதைக் குற்றம் என்று சொல்ல ஒரு சட்டமும் இல்லை. அடுத்த மாதமே அவசரமாகச் சட்டம் கொண்டுவந்தார்கள். முன்பு நடந்த செயலுக்குப் பின்பு வந்த சட்டம் செல்லாது என்பதால் ஆகஸ்டில் வழக்கு கைவிடப்பட்டது.

நமது நாட்டில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் அதே 2000-ஆம் ஆண்டில்தான் வந்தது. ஜூன் 9-இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்று, அக்டோபர் 17 முதல் நடைமுறைக்கு வந்தது. 2008-இல் பெரிய திருத்தம் செய்யப்பட்டு, அது 2009 அக்டோபர் 27 முதல் அமலானது. கணினி என்றவுடன் மேஜை மேல் இருக்கும் பெட்டியை மட்டும் நினைக்க வேண்டாம். நம் சட்டைப்பையில் இருக்கும் செல்போனும் இச்சட்டத்திற்கு உட்பட்டதே.

கடைக்கணக்கில் சொன்னால்

சட்டப் பிரிவுகளைப் படித்தால் தலை சுற்றும். நம் கடையில் நடப்பதை வைத்துச் சொல்கிறேன்.

வேலையை விட்டு நின்ற கணக்கர், கோபத்தில் உங்கள் பில் போடும் கணினிக்குள் நுழைந்து பாக்கிப் பட்டியலை அழித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் அனுமதியின்றி நுழைந்ததும், நகல் எடுத்ததும், அழித்ததும் 43-ஆவது பிரிவின்படி நஷ்டஈட்டுக்கு உரியவை. அதையே கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் 66-ஆவது பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ரூ.5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

உங்கள் கடவுச்சொல்லையோ மின் கையொப்பத்தையோ மற்றொருவர் மோசடியாகப் பயன்படுத்தினால் 66-சி. கணினி அல்லது செல்போன் வழியாக வேறொருவர்போல நடித்து ஏமாற்றினால் 66-டி. என் தரகரைப் போல நடித்தவன் செய்தது இதுதான். இவ்விரண்டுக்கும் மூன்று ஆண்டு வரை சிறையும், ரூ.1 லட்சம் வரை அபராதமும் உண்டு.

பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று பில் இல்லாத செல்போனைக் கடைப் பையனுக்கு வாங்கிக் கொடுப்பவர்கள் 66-பி பிரிவைத் தெரிந்துகொள்ள வேண்டும். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் வாங்கியவரும் குற்றவாளியே.

இவற்றோடு பொதுவான குற்றச் சட்டமும் சேர்ந்தே வரும். ஏமாற்றுப் பேர்வழியை 'நானூற்றிருபது' என்று திட்டுவது நம் வழக்கம். 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதில் மோசடிக்கு உரிய பிரிவு 318. ஏமாற்றிப் பணத்தையோ பொருளையோ பறித்தால் ஏழு ஆண்டு வரை சிறை. பணம் செலுத்தியதுபோல் போலித் திரையைக் காட்டிவிட்டு அரிசி மூட்டையைத் தூக்கிச் செல்பவனும், உங்கள் க்யூ.ஆர். அட்டையின் மேல் தன் அட்டையை ஒட்டிவிட்டுப் போகிறவனும் இந்தப் பிரிவில் மாட்டுவார்கள்.

முதல் ஒரு மணி நேரம்

பணம் போய்விட்டது என்று தெரிந்தவுடன் 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். இது நாடு முழுவதற்குமான உதவி எண். உங்கள் கணக்கு விவரம், போன தொகை, பரிவர்த்தனை எண் ஆகியவற்றைச் சொன்னால், அந்தத் தகவல் உடனே வங்கிகளுக்குப் போகிறது. பணம் எந்த வங்கியில் நிற்கிறதோ அங்கேயே தடுத்து வைக்கிறார்கள். அடுத்த வங்கிக்குத் தாவியிருந்தால் அங்கே துரத்துகிறார்கள். ரொக்கமாக வெளியே எடுத்துவிட்டால் துரத்த எதுவும் இல்லை. ஆகவேதான் ஒவ்வொரு நிமிடமும் பணம்.

பிறகு சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்ற மத்திய அரசு தளத்திலும், நேரிலும் புகாரைப் பதிவு செய்யலாம். தமிழ்நாட்டில் மாவட்டந்தோறும் சைபர் குற்றக் காவல் நிலையம் இருக்கிறது. "இது எங்கள் எல்லையில் நடக்கவில்லை" என்று திருப்பி அனுப்ப இடமில்லை. குற்றம் எங்கே நடந்திருந்தாலும் புகாரைப் பெற வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவு சொல்கிறது. இச்சட்டப்படியான குற்றங்களை ஆய்வாளர் நிலைக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும்.

வங்கியின் பொறுப்பு

வங்கிக்கும் எழுத்தில் தெரிவிக்க மறக்காதீர்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-இல் வகுத்த நெறியின்படி, வாடிக்கையாளர் மீதும் வங்கி மீதும் தவறில்லாமல் வெளியாள் ஒருவன் உங்கள் கணக்கில் கைவைத்திருந்தால், வங்கியின் தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு நஷ்டமே இல்லை. நாமே ஓ.டி.பி. கொடுத்திருந்தால், தெரிவிக்கும் வரையிலான நஷ்டம் நம்முடையது. தெரிவித்த பிறகும் பணம் போனால் அது வங்கியைச் சேரும். என்னைப் போல் நாமே விரும்பி அனுப்பிய பணத்துக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

வங்கி கைவிரித்தாலும் வழி இருக்கிறது. ரூ.5 கோடி வரையிலான நஷ்டஈட்டு மனுக்களைத் தீர்ப்பளிக்கும் அதிகாரியாக, மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலர் இருக்கிறார். 2010-இல் தமிழ்நாட்டில் இப்படியொரு மனு விசாரிக்கப்பட்டது. வங்கி அனுப்பியதுபோல் வந்த பொய் மின்னஞ்சலை நம்பிப் பணம் இழந்த ஒரு வாடிக்கையாளருக்கு, ரூ.12.85 லட்சம் வழங்குமாறு தனியார் வங்கிக்கு உத்தரவானது. வாடிக்கையாளரின் கவனக்குறைவு என்ற வங்கியின் வாதம் எடுபடவில்லை.

பேரேடுபோல் செல்போன்

வருமான வரிக்காரர் வந்தால் பேரேட்டைக் கிழிப்போமா? மாட்டோம். ஆனால் ஏமாந்தவுடன் கோபத்தில் வாட்ஸ்அப் செய்திகளை அழித்துவிடுகிறோம். அதைவிடக் கேடு வேறில்லை. வழக்கில் அதுதான் சாட்சி. மின்னணுப் பதிவு நீதிமன்றத்தில் செல்ல வேண்டுமானால் அதற்கு முறைப்படி சான்றிதழ் வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தில் 65-பி என்று இருந்த இந்த விதி, இப்போது பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் 63-ஆவது பிரிவாக உள்ளது. நகல் மட்டும் காட்டினால் இந்தச் சான்றிதழ் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் உறுதியாகச் சொல்லிவிட்டது. எனவே செய்தி, அழைப்புப் பட்டியல், கடைக் கேமராப் பதிவு எதையும் அழிக்காதீர்கள். வழக்கு முடியும் வரை அந்த செல்போனையும் விற்காதீர்கள்.

நம் கணக்கும் முடங்கலாம்

இனி சொல்லப்போவதைச் சிறு கடைக்காரர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். "அண்ணாச்சி, ஏ.டி.எம். வேலை செய்யவில்லை, பத்தாயிரம் ரொக்கம் கொடுங்கள், உங்கள் கணக்கில் போட்டுவிடுகிறேன், நூறு ரூபாய் வைத்துக்கொள்ளுங்கள்" என்று முன்பின் தெரியாதவர் கேட்கிறார். கொடுத்துவிடுகிறோம். அது எங்கோ ஒருவரை ஏமாற்றிய பணமாக இருந்தால், அதைத் துரத்தி வரும் காவல்துறை கடைசியில் வந்து நிற்பது நம் கணக்கில்தான். வேறு மாநிலக் காவல்துறைகூட வங்கிக்கு எழுதி நம் கணக்கை முடக்கலாம். நூறு ரூபாய்க்கு ஆசைப்பட்டுக் கொள்முதலுக்குப் பணம் எடுக்க முடியாமல் தவித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அப்படி நேர்ந்தால் அஞ்சி ஒளிய வேண்டாம். பில், சிட்டை, கேமராப் பதிவு ஆகியவற்றோடு வங்கிக்கும் சம்பந்தப்பட்ட காவல் நிலையத்துக்கும் எழுத்தில் விளக்கம் கொடுங்கள். சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் தடுத்து வைக்காமல், முழுக் கணக்கையும் காலவரையின்றி முடக்குவது முறையல்ல என்று 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் கூறி நிவாரணம் வழங்கியிருக்கிறது. ஆனால் கமிஷனுக்காகத் தன் கணக்கையே பிறருக்கு ஓட்டக் கொடுப்பவர்களுக்கு இந்த நியாயம் உதவாது. கல்லாப்பெட்டிச் சாவியை வழிப்போக்கனிடம் கொடுப்பதற்குச் சமம் அது.

இன்று முதல் செய்ய வேண்டியவை

காலையில் கடை திறந்ததும் உங்கள் க்யூ.ஆர். அட்டையை நீங்களே ஸ்கேன் செய்து, உங்கள் பெயர் வருகிறதா என்று பாருங்கள். வாடிக்கையாளரின் திரையை நம்பாமல், உங்கள் கணக்கில் வரவு விழுந்ததா என்று பாருங்கள். பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை, செலுத்துவதற்குத்தான் தேவை. கணக்கு மாறிவிட்டது என்று யார் எழுதினாலும், உங்களிடம் ஏற்கனவே உள்ள பழைய எண்ணில் கூப்பிட்டு அவர் குரலைக் கேட்ட பிறகே அனுப்புங்கள். அந்த ஒரு அழைப்பை நான் செய்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது. கணக்கர் மாறினால் அன்று மாலையே கடவுச்சொல்லை மாற்றுங்கள். 1930 என்ற எண்ணைக் கல்லாப்பெட்டிக்கு மேலே எழுதி ஒட்டுங்கள்.

வணிகப் பெருமக்களே! பெட்டியை உடைத்துத் திருடிப் போனால் தெருவே கேட்கக் கூச்சலிடுகிறோம். செல்போன் வழியாகத் திருடினால் மட்டும் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்கிறோம். திருடனுக்கு நாம் கொடுக்கும் பெரிய உதவி அந்த மௌனம்தான். எனக்கு நேர்ந்ததைப் பெயரோடு எழுத மகன் தயங்கினான். நான்தான் போடச் சொன்னேன். புகார் கொடுத்ததால் கடைத்தெருவில் என் நாணயம் ஒன்றும் குறைந்துவிடவில்லை. நாளை உங்கள் பக்கத்துக் கடைக்காரர் முகம் வாடி உட்கார்ந்திருந்தால், என்ன ஏது என்று கேளுங்கள். கேட்ட அந்த நிமிடமே 1930-ஐ அழைக்கச் சொல்லுங்கள்.