காற்றுச் சுத்திகரிப்பான் இரத்தச் சர்க்கரையைக் குறைக்குமா?

இரத்தச் சர்க்கரை இயல்பை விடக் கூடியிருந்தும் நீரிழிவு நோய் என்று சொல்லும் அளவை எட்டாதவர்கள் இந்தியாவில் சுமார் 13 கோடியே 60 லட்சம் பேர் என்று 2023இல் வெளியான நாடளாவிய ஆய்வொன்று மதிப்பிட்டது. வீட்டுக் காற்றைச் சுத்திகரிக்கும் கருவி இவர்களுக்கு உதவுமா என்ற கேள்வி மருத்துவ ஆய்வாளர்களிடையே எழுந்துள்ளது.

மாசடைந்த காற்றுக்கும் நீரிழிவுக்கும் தொடர்பு உண்டு என்பதற்கான சான்றுகள் வலுவானவை. சென்னையிலும் தில்லியிலும் சுமார் 12 ஆயிரம் பேரை 2010 முதல் 2017 வரை கண்காணித்த ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளியாயின. பிஎம் 2.5 எனப்படும் நுண்துகள்களின் ஆண்டுச் சராசரி, கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடும்போது நீரிழிவு ஏற்படும் அபாயம் 22 சதவீதம் உயர்வதாக அது கண்டறிந்தது. நகரின் கடற்காற்றை நம்பியிருக்கும் சென்னைவாசிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

இத்துகள்கள் நுரையீரலின் ஆழம் வரை சென்று உடலில் அழற்சியைத் தூண்டுகின்றன. இன்சுலினின் செயல்திறன் குறைகிறது என்பதே ஆய்வாளர்கள் தரும் விளக்கம்.

ஆனால் காற்றைச் சுத்தப்படுத்தினால் சர்க்கரை குறையுமா என்பது வேறு கேள்வி. ஷாங்காய் நகரில் 55 கல்லூரி மாணவர்களின் விடுதி அறைகளில் ஒன்பது நாட்கள் உண்மையான சுத்திகரிப்பானும், மற்றொரு ஒன்பது நாட்கள் வடிகட்டி அகற்றப்பட்ட கருவியும் இயக்கப்பட்டன. மாசு கூடுதலாக இருந்த நாட்களில் கார்ட்டிசால் முதலான மன அழுத்த ஹார்மோன்களும், இன்சுலினுக்கு உடல் காட்டும் எதிர்ப்பும் அதிகரித்ததாக 2017இல் அறிவிக்கப்பட்டது. கவனத்துக்குரிய முடிவுதான். எனினும் அவர்கள் ஆரோக்கியமான இளைஞர்கள், காலமும் குறுகியது. நடுத்தர வயதில் சர்க்கரை எல்லையில் நிற்பவருக்கு, கருவியொன்று நீரிழிவைத் தடுக்கும் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. விற்பனையாளர்கள் அப்படிச் சொல்லக்கூடும்.

இதற்கு மாறாக, உணவுக் கட்டுப்பாடும் நடைப்பயிற்சியும் பயனளிப்பது இந்தியர்களிடமே சோதித்து அறியப்பட்டது. சென்னை மருத்துவர்கள் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், இவ்வழியைப் பின்பற்றியவர்களிடம் நீரிழிவு அபாயம் சுமார் 28 சதவீதம் குறைந்தது. சுத்திகரிப்பான் இதற்கு மாற்றாகாது.

வாங்குவோர், ஹெப்பா வடிகட்டி கொண்ட, அறையின் அளவுக்குப் பொருந்தும் கருவியையே தேர்ந்தெடுப்பது நல்லது. ஓசோனை வெளியிடும் கருவிகள் நுரையீரலுக்குத் தீங்கானவை. தாளிக்கும் புகைக்கும் சாம்பிராணிக்கும் புகைபோக்கி விசிறியும் திறந்த சன்னலும் செலவு குறைந்த வழிகள். தெருவில் புகை மிகுந்திருக்கும் நேரத்தில் மட்டும் சன்னலை மூடிவைக்கலாம்.

நடக்கச் சொல்லும் மருத்துவரின் அறிவுரையைப் பலரும் பேருந்துப் புகை நிறைந்த சாலையோரத்தில்தான் நிறைவேற்றுகிறார்கள். ஆட்டோ ஓட்டுநருக்கும் நடைபாதை வியாபாரிக்கும் பகல் முழுவதும் அதே காற்றுதான். நுண்துகள்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்த ஆண்டு வரம்பு 5 மைக்ரோகிராம். இந்தியா 2009இல் நிர்ணயித்தது 40. இந்த இடைவெளியைப் படுக்கையறையில் வைக்கும் கருவியால் நிரப்ப முடியாது; அது அரசுகளின் பொறுப்பு.