கூப்பன்: அன்றும் இன்றும்

மலைநாட்டு மக்களுக்குக் ‘கூப்பன்’ என்னுஞ் சொல் புதிதன்று. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1942 ஆம் ஆண்டில், இலங்கையில் அரிசிப் பங்கீடு தொடங்கிற்று. 1953 இல் ஒரு கொத்துப் பங்கீட்டரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, ஆகஸ்ட் 12 ஆம் நாள் பெரும் ஹர்த்தால் மூண்டது. 1979 இல் பங்கீட்டின் இடத்தை உணவு முத்திரை பெற்றது. அக்காலக் கூப்பன், குறித்த விலையில் குறித்த அளவு உணவைப் பெறுதற்கு அரசு அளித்த உரிமைச் சீட்டாகும்.

இன்று நம் இளைஞரின் கைத்தொலைபேசியில் வந்து நிற்கும் கூப்பனோ வேறு இயல்பினது. அது உரிமையன்று, வணிகரின் அழைப்பு. பெயர் ஒன்றாயிருத்தலால் இரண்டையும் ஒன்றென மயங்குதல் கூடாது. ஆதலின், அஃது இயங்கும் முறையைச் சிறிது ஆராய்வோம்.

இவ்வுத்தி இணையத்தோடு பிறந்ததன்று. 1880களின் பிற்பகுதியிலேயே அமெரிக்காவில் கொக்கா கோலா விற்றோர், ஒரு கோப்பை பானம் இலவசமாகத் தருஞ் சீட்டுக்களை வழங்கினர். அக்காகிதச் சீட்டே இன்று சில எழுத்துகளும் எண்களும் கொண்ட குறியீடாக மாறியுள்ளது. பணஞ் செலுத்தும் வேளையில் நாம் அதனைப் பதிந்ததும், கணினி சிலவற்றைச் சோதிக்கின்றது: தவணை கடந்ததா, வாங்கும் பொருள் அதற்குரியதா, குறைந்தபட்சத் தொகை நிறைந்ததா, முன்னரே பயன்படுத்தப்பட்டதா என்பன அவை. யாவும் பொருந்தினாற்றான் கழிவு கிடைக்கும். டராஸ் போன்ற இணையச் சந்தைகளிற் கழிவின் செலவைச் சிலவேளை சந்தை நடத்துவோரும், சிலவேளை பொருள் விற்போரும் ஏற்பர்.

வணிகர் எல்லார்க்கும் விலையைக் குறைத்துவிடலாமே எனின், அங்கேதான் சூட்சுமம் உள்ளது. ஓய்வும் சிக்கனமும் உடையோர் கூப்பனைத் தேடிப் பிடிப்பர். அவசரமுடையோர் முழுவிலை கொடுத்து வாங்குவர். இவ்வாறு ஒரே பொருளுக்கு இரு விலை பெற வணிகரால் இயலுகின்றது. மேலும், ஒவ்வொரு விளம்பரத்துக்கும் தனித்தனிக் குறியீடு கொடுப்பின், எவ்விளம்பரம் வாடிக்கையாளரைக் கொணர்ந்தது என்பதும் புலனாகும். குறியீடுகளைத் திரட்டித் தரும் இணையத்தளங்கள் நமக்கு இலவசமாய் உழைப்பனவல்ல. அவற்றின் வழியாக நடக்கும் விற்பனைக்கு வணிகரிடமிருந்து தரகு பெறுகின்றன. அத்தொழிலில் ஈடுபட்ட ஹனி என்னும் நிறுவனத்தைப் பேபால் நிறுவனம் 2020 இல் ஏறத்தாழ 400 கோடி டொலருக்கு வாங்கிற்று என்றால், இத்தரகின் பெறுமதியை உணரலாம்.

நம் பழைய மாணவருட் கடை நடத்துவோரும் உளர். அவர்கள் ஒரு கணக்கை நோக்குதல் நன்று. 750 ரூபாவுக்குக் கொள்வனவு செய்த பொருளை 1,000 ரூபாவுக்கு விற்பின் இலாபம் 250 ரூபா. நூற்றுக்குப் பத்து வீதம் கழிவு கொடுத்தால் எஞ்சுவது 150 ரூபாவே. முன்னர் மூன்று விற்றுப் பெற்ற இலாபத்தைப் பெற இனி ஐந்து விற்றல் வேண்டும். புதிய வாடிக்கையாளர் வாராது, பழையோரே கூப்பனோடு வந்தால் நட்டமே மிஞ்சும்.

இனி வாங்குவோர் கணக்கு. ஹற்றன் கடையில் 2,500 ரூபாவுக்குக் கிடைக்கும் கம்பளிச் சட்டை இணையத்தில் 2,400 ரூபா எனக் கொள்வோம். 2,500 ரூபாவுக்கு மேல் வாங்கினால் 300 ரூபா கழிவு. அனுப்புஞ் செலவு 350 ரூபா. கழிவைப் பெறும்பொருட்டு 300 ரூபா பெறுமதியான காலுறையையும் சேர்க்கின்றோம். முடிவிற் கொடுப்பது 2,750 ரூபா. காலுறை தேவையாயின் 50 ரூபா மிச்சம். தேவையற்றதாயின் 250 ரூபா வீண்.

தோட்டத்தில் வாழ்வோர்க்கு மற்றுமோர் இடர் உண்டு. லயக் குடியிருப்புகள் பலவற்றில் வீட்டுக்கு வீடு தனி முகவரி இல்லை. கடிதமும் தோட்டக் காரியாலயத்தின் வழியே வரும் நிலையிற் பொதி வாயிலுக்கு வருமென்பது என்ன உறுதி? நகருக்குச் சென்றே அதனைப் பெறவேண்டின், பேருந்துக் கட்டணத்தோடு அரைநாட் பொழுதும் விலையிற் சேரும். நாட்சம்பளம் பெறுவோர்க்கு அப்பொழுதும் பணமே. கூப்பனின் பயன் முழுமையாய் அவர்களைச் சேரவேண்டுமாயின், முதலில் வீட்டுக்கோர் முகவரி சேர்தல் வேண்டும்.

எனவே, கூப்பனைக் கண்டவுடன் எவ்வளவு குறைகின்றது என்று மட்டும் வினவாது, கையிலிருந்து மொத்தம் எவ்வளவு போகின்றது என்றும் வினவுவோம். கூப்பன் தருவதாகக் கூறி வங்கி அட்டை இலக்கத்தையும் இரகசிய எண்ணையும் கேட்போரை விலக்குவோம். கல்லூரியிற் கற்ற கூட்டலும் கழித்தலும் பரீட்சையோடு முடிந்துவிடுவன அல்ல. தோட்டத்துப் பெற்றோர் உழைத்துத் தேடும் காசைக் காத்தற்கும் அவையே துணை. வீட்டில் முதியோர்க்கு இக்கணக்கை எடுத்துரைத்தல் இன்றைய மாணவர் கடனாகும்.