அரசு ரகசியம் – 9: நீதிபதிகள் படிக்காத அறிக்கை

சென்ற வாரம் பென்டகன் ஆவணங்களைப் பார்த்தோம். 1971-ல் நிக்சன் அரசு நாளிதழ்களின் வாயை அடைக்கப் பார்த்து உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. அந்தத் தோல்வி உலகம் முழுக்கத் தெரியும். அதற்கு 18 ஆண்டுகளுக்கு முன் அதே நீதிமன்றத்தில் அரசு ஜெயித்த வழக்கு ஒன்று உண்டு. சட்டம் படித்தவர்களைத் தவிர மற்றவர்கள் அதைக் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் 'இது தேச ரகசியம், கேட்காதீர்கள்' என்று சொல்ல அமெரிக்க அரசு நீதிமன்றப் படியேறும்போதெல்லாம் நீட்டுவது அந்தத் தீர்ப்பைத்தான். அமெரிக்கா எதிர் ரெனால்ட்ஸ், 1953.

1948 அக்டோபர் 6 அன்று ஜார்ஜியா மாநிலத்தின் ராபின்ஸ் விமானப்படைத் தளத்திலிருந்து ஒரு பி-29 கிளம்பியது. ஹிரோஷிமாவில் அணுகுண்டு வீசிய அதே ரக விமானம். புதிய மின்னணுக் கருவி ஒன்றைச் சோதிப்பதற்கான பயணம் என்பதால் படைவீரர்களோடு ஆர்சிஏ நிறுவனத்தையும் பிராங்க்ளின் கழகத்தையும் சேர்ந்த பொறியாளர்களும் ஏறியிருந்தார்கள். நடுவானில் ஒரு எஞ்சின் தீப்பிடித்தது. வேக்ராஸ் என்ற ஊரருகே விமானம் விழுந்தது. உள்ளே இருந்த 13 பேரில் ஒன்பது பேர் இறந்துபோனார்கள்.

இறந்தவர்களில் பால்யா, ரெனால்ட்ஸ், பிரானர் என்ற மூவரும் சிவிலியன் பொறியாளர்கள். அவர்களுடைய மனைவியர் மூவரும் சேர்ந்து அரசின் மீது வழக்குப் போட்டார்கள். அரசு ஊழியர்களின் அலட்சியத்தால் பாதிக்கப்பட்டவர் அரசிடமே நஷ்ட ஈடு கேட்கலாம் என்று 1946-ல்தான் சட்டம் வந்திருந்தது. அவர்கள் கேட்ட முதல் ஆவணம், விமானப்படை நடத்திய விபத்து விசாரணையின் அறிக்கை. புருஷன் எப்படிச் செத்தான் என்று தெரிந்துகொள்ள ஒரு பெண் வேறெந்தக் காகிதத்தைக் கேட்பாள்?

அரசு மறுத்தது. மறுத்த விதத்தைக் கவனிக்க வேண்டும். முதலில் சொன்ன காரணம் தேசப் பாதுகாப்பு அல்ல. விபத்து விசாரணையில் ஊழியர்கள் மனம்விட்டுப் பேச வேண்டுமானால் அந்த அறிக்கைகள் வெளியே போகக் கூடாது என்றார்கள். பிலடெல்பியா மாவட்ட நீதிபதி கிர்க்பாட்ரிக் அதை ஏற்கவில்லை. அதன் பிறகுதான் விமானப்படைத் துறைச் செயலாளர் பின்லெட்டர், அது ரகசியப் பணியில் இருந்த விமானம், அறிக்கையைத் தந்தால் தேசப் பாதுகாப்புக்குக் கேடு என்று எழுதிக் கொடுத்தார். சரி, யாருக்கும் காட்ட வேண்டாம், என்னிடம் மட்டும் கொடுங்கள், என் அறையில் படித்துவிட்டு ரகசியம் இருக்கிறதா என்று முடிவு செய்கிறேன் என்றார் நீதிபதி. அதற்கும் அரசு சம்மதிக்கவில்லை. அலட்சியம் நிரூபிக்கப்பட்டதாகவே கொண்டு, மூவருக்கும் சேர்த்து 2,25,000 டாலர் வழங்க அவர் உத்தரவிட்டார். 1951-ல் மேல்முறையீட்டு நீதிபதி மாரிஸும் அதை உறுதி செய்தார்.

உச்ச நீதிமன்றம் 1953 மார்ச் 9 அன்று 6-க்கு 3 என்ற கணக்கில் அதைப் புரட்டிப் போட்டது. ஆபத்துக்கு நியாயமான வாய்ப்பு இருப்பதாகச் சூழ்நிலையே காட்டினால், நீதிபதி தனியறையில்கூட ஆவணத்தைப் பார்க்க வற்புறுத்தக் கூடாது என்று எழுதினார் தலைமை நீதிபதி வின்சன். உயிர் தப்பிய வீரர்களை விசாரித்துக்கொள்ள அரசு அனுமதி தந்ததே, அந்த வழியில் போங்கள் என்றார். கொரியப் போர் நடந்துகொண்டிருந்த காலம். சோவியத் யூனியனிடம் அணுகுண்டு வந்துவிட்டிருந்தது. அந்தப் பயத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் ஒன்பது நீதிபதிகளில் ஒருவர்கூட அந்த அறிக்கையைப் படிக்கவில்லை. படிக்காமலே நாட்டுக்கு ஒரு சட்டத்தை எழுதிக் கொடுத்தார்கள். மூன்று பெண்களும் வேறு வழியின்றி 1,70,000 டாலருக்குச் சமரசம் செய்துகொண்டார்கள்.

விபத்து நடந்தபோது பால்யாவின் மகள் கைக்குழந்தை. 2000-ல், ஐம்பது வயதைத் தாண்டிய நிலையில், பழைய விமான விபத்து அறிக்கைகள் ரகசியப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டு விலைக்குக் கிடைக்கின்றன என்று இணையத்தில் கண்டு, பணம் கட்டி வரவழைத்தார். அப்பா செய்துகொண்டிருந்த ரகசிய வேலையைப் பற்றி ஏதாவது தெரியவரும் என்ற ஆசை.

அந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்று அதில் ஒரு வரிகூட இல்லை. இருந்தது வேறு. எஞ்சின் புகைபோக்கிக் குழாய்களின் சூட்டால் தீப்பிடிக்காமல் இருக்க வெப்பத் தடுப்புத் தகடு பொருத்த வேண்டும் என்று விமானப்படையே உத்தரவு போட்டிருந்தது. இந்த விமானத்தில் பொருத்தவில்லை. அடிக்கடி பழுது பார்க்க வேண்டியிருந்த விமானம் அது. ஆபத்து வந்தால் எப்படித் தப்பிக்க வேண்டும் என்று பொறியாளர்களுக்கு முறையாகச் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. கிர்க்பாட்ரிக் தன் அறையில் உட்கார்ந்து படித்திருந்தால் ஒரு பிற்பகலில் வழக்கு முடிந்திருக்கும்.

எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். ஒரு தகட்டைப் பொருத்தாமல் விட்டதை மறைக்க தேசத்தின் பெயரைப் போர்த்தினார்கள். ரகசியமே கூடாது என்று நான் வாதாடவில்லை. அந்தக் கருவியின் வரைபடத்தை அந்தப் பெண்கள் கேட்கவும் இல்லை. எது ரகசியம் என்பதை, மறைப்பதால் ஆதாயம் பெறுகிறவரே தீர்மானிக்கலாம் என்று விட்டதுதான் அநியாயம்.

மோசடியால் பெற்ற தீர்ப்பு, ரத்து செய்யுங்கள் என்று குடும்பத்தினர் 2003-ல் உச்ச நீதிமன்றத்தை அணுகினார்கள். மனுவே ஏற்கப்படவில்லை. கீழ் நீதிமன்றம் வழியாக மறுபடி முயன்றார்கள். பி-29 எப்படி இயங்குகிறது என்ற விவரமும் ரகசியம் என்ற பொருளில் அரசு அன்று பேசியிருக்கலாம், எனவே மோசடி ஆகாது என்று 2005-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கைவிரித்தது. 1953-லேயே பழசாகிக்கொண்டிருந்த விமானம் அது. அதற்குத்தான் இந்தச் சலுகை.

தீர்ப்பு அப்படியே நின்றது. காலித் எல்-மஸ்ரி என்ற ஜெர்மன் குடிமகனை ஆள் மாறி மாசிடோனியாவில் பிடித்து, ஆப்கானிஸ்தானுக்குக் கொண்டுபோய் மாதக்கணக்கில் அடைத்துவைத்தது சிஐஏ. அவர் போட்ட வழக்கை ரெனால்ட்ஸ் தீர்ப்பைக் காட்டித் தள்ளினார்கள். அவர் கதை உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்த பிறகும், அது விசாரிக்க முடியாத ரகசியம்! 2007-ல் உச்ச நீதிமன்றமும் கேட்க மறுத்தது. 2012-ல் ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், அவர் சொன்னது உண்மை என்று ஏற்று, உடந்தையாக இருந்த மாசிடோனியாவை இழப்பீடு தரச் சொன்னது. அமெரிக்காவில் அந்த வழக்கு விசாரணைக் கட்டத்தையே எட்டவில்லை.

நம் நாட்டில் இது வேறு உருவத்தில் வந்தது. ரெனால்ட்ஸ் வழக்கில் நீதிபதியும் பார்க்கவில்லை. இங்கே சீலிட்ட கவரில் கொடுத்ததை நீதிபதி மட்டும் பார்த்தார். வழக்குத் தொடுத்தவர் பார்க்க முடியவில்லை. 2023 ஏப்ரலில் மீடியா ஒன் தொலைக்காட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தக் கவரை என்ன செய்தது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)